ஒரு ஞாயிறு உங்களுக்கு, மறு ஞாயிறு எங்களுக்கு: பென்சில்வேனியா விவசாயிகளின் பொதுத் தேவாலயங்கள்

ஒரே தேவாலயத்தில் காலை ஏழு மணிக்குத் தமிழ் வழிபாடு, ஒன்பது மணிக்கு ஆங்கிலம், பதினொரு மணிக்கு மாண்டரின் என்று பலகை தொங்குவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதிதல்ல. அங்கே திருச்சபை ஒன்றுதான், மொழிதான் மாறுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கிராமங்களில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வந்ததோ இதற்கு நேர்மாறானது. மொழி ஒன்று, அதுவும் ஜெர்மன். கட்டடம் ஒன்று, கல்லறைத் தோட்டமும் ஒன்று. ஆனால் உள்ளே இருந்தவை இரண்டு திருச்சபைகள். ஒரு ஞாயிறு லுத்தரன் போதகர் பிரசங்க மேடை ஏறுவார். அடுத்த ஞாயிறு அதே மேடையில் சீர்திருத்த சபையின் போதகர் நிற்பார்.

இப்படிப்பட்ட தேவாலயங்களை அங்கே 'யூனியன் சர்ச்' என்றார்கள். தமிழில் பொதுத் தேவாலயம் எனலாம். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் இருந்தன. சில இடங்களில் இந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

தரங்கம்பாடியிலிருந்து வந்த லுத்தரன் குடும்பங்களின் வாரிசுகள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். முதலில் அந்த விவசாயிகள் யார் என்று தெரிய வேண்டும்.

கப்பல் கூலிக்கு விற்கப்பட்டவர்கள்

1681இல் வில்லியம் பென் என்ற ஆங்கிலேயருக்கு இங்கிலாந்து மன்னர் அமெரிக்காவில் ஒரு பெரும் நிலப்பரப்பை எழுதிக் கொடுத்தார். பென் குவேக்கர் சமயத்தவர். நம்பிக்கைக்காகச் சிறை சென்றவர். தமது நிலத்தில் யாரும் தம் மனச்சாட்சிப்படி வழிபடலாம் என்று அறிவித்தார். ஐரோப்பாவில் அரசன் எந்தச் சபையோ அதே சபையில்தான் குடிமக்களும் இருக்க வேண்டும் என்ற காலம் அது. ரைன் நதிக் கரையோரப் பகுதிகளில் போர் ஓயவில்லை. வரிச்சுமையும் பஞ்சமும் வேறு. அங்கிருந்தும், வுர்ட்டம்பெர்க், சுவிட்சர்லாந்து பகுதிகளிலிருந்தும் விவசாயக் குடும்பங்கள் பிலடெல்பியா துறைமுகத்துக்குக் கப்பலேறின.

பலரிடம் கப்பல் கூலிக்குப் பணம் இல்லை. அக்கரையில் யாராவது கூலியைக் கட்டி மீட்டால் அவருக்கு ஆண்டுக் கணக்கில் உழைத்துக் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1750இல் அங்கே போய்ச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக வேலை செய்த மிட்டல்பெர்கர் என்பவர், ஊர் திரும்பி 1756இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரியவர்கள் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை கட்டுண்டார்கள் என்றும், பத்து பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருபத்தோரு வயது வரை உழைக்க வேண்டியிருந்தது என்றும் அதில் எழுதுகிறார். பாதிக் கடலைத் தாண்டிய பிறகு கணவன் இறந்தால், அவன் கூலியையும் மனைவிதான் தீர்க்க வேண்டும் என்பது அவர் தரும் இன்னொரு செய்தி. ஒப்பந்தக் கூலி முறையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கெடு முடிந்த ஜெர்மானியர் உள்நாட்டுக்குள் நடந்து, காடு வெட்டி, சொந்த நிலம் பிடிக்க முடிந்தது. அந்த நிலம் பூர்வகுடிகளின் கையிலிருந்து போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற காலத்தில் பென்சில்வேனியா மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மானியர். ஜெர்மன் என்றதும் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்களின் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர்களும் மென்னோனைட்டுகளும் அங்கே எண்ணிக்கையில் சிறுபான்மையினரே. பெரும்பாலானோர் இரண்டு பழைய சபைகளைச் சேர்ந்தவர்கள். ஒன்று மார்ட்டின் லூத்தர் வழி வந்த லுத்தரன் சபை. மற்றது சுவிங்ளி, கால்வின் வழி வந்த சீர்திருத்த சபை. இந்தப் பெயர் சற்றுக் குழப்பும். இரண்டுமே 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தில் பிறந்தவைதான். ஆனால் 'ரிஃபார்ம்ட்' என்ற பெயர் இரண்டாவதற்கு மட்டும் நிலைத்துவிட்டது.

வேறுபாடு என்னவென்றால்...

1529இல் மார்பர்க் நகரில் லூத்தரும் சுவிங்ளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உடன்பட்டார்கள். திருவிருந்தில் அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாக உள்ளனவா என்ற ஒரு கேள்வியில் மட்டும் முறிந்தது. லூத்தர் உண்டு என்றார். சுவிங்ளி அது நினைவுச் சின்னம் என்றார். பிறகு வந்த கால்வின் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விளக்கம் கொடுத்தார். அந்த முறிவு ஐரோப்பாவில் நாடுகளையே பிரித்தது.

காட்டை வெட்டிக் கோதுமை விதைத்த விவசாயிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் வெளி அடையாளங்களாகத்தான். லுத்தரன் திருவிருந்தில் மெல்லிய வட்ட அப்பம்; சீர்திருத்த சபையில் உடைத்துக் கொடுக்கும் ரொட்டி. ஒரு வீட்டுப் பிள்ளை லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யும். அடுத்த வீட்டுப் பிள்ளை 1563இல் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தைப் படிக்கும். பத்துக் கட்டளைகளை எண்ணும் வரிசையும் மாறும். பரமண்டல ஜெபத்தின் முதல் இரண்டு சொற்களை லுத்தரன்கள் 'ஃபாட்டர் உன்சர்' என்பார்கள். சீர்திருத்த சபையார் 'உன்சர் ஃபாட்டர்' என்பார்கள். பொருள் ஒன்றேதான், சொல் வரிசை மட்டும் முன்பின். இரண்டு சபைக்கும் இடையே இதுதான் வேறுபாடு என்று அந்த ஊர்க்காரர்களே கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கேலிக்கு அடியில் ஒரு கசப்பு இருந்தது. குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் அடக்க ஆராதனை செய்ய யாருமில்லை. குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முறையாக அபிஷேகம் பெற்ற போதகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இடைவெளியில் போலிப் போதகர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். குடிகாரர்களும், சொந்த ஊரில் துரத்தப்பட்டவர்களும், கறுப்பு அங்கி மட்டும் வைத்திருந்தவர்களும் காசுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

யோகான் பிலிப் பேம் இந்தத் தவிப்பின் நடுவில் வந்தவர். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர், பென்சில்வேனியாவில் விவசாயி. போதகர் இல்லாத ஊரில் ஞாயிறுதோறும் வேதம் வாசித்து வந்தார். அக்கம்பக்கத்தார் அவரையே போதகராக இருக்கும்படி வற்புறுத்தினார்கள். அபிஷேகம் பெறாதவன் திருவிருந்து கொடுப்பது சபை ஒழுங்குக்கு விரோதம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் 1725 அக்டோபர் 15ஆம் நாள் ஃபால்க்னர் ஸ்வாம்ப் என்ற இடத்தில் 40 பேருக்குத் திருவிருந்து பரிமாறினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1729இல், நியூயார்க்கில் டச்சு சபையினர் அவருக்கு முறைப்படி அபிஷேகம் செய்தார்கள்.

ஹாலேயிலிருந்து இரண்டு கப்பல்கள்

லுத்தரன்களுக்கு ஆள் வந்தது 1742இல். பெயர் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க். ஜெர்மனியின் ஹாலே நகரத்து நிறுவனங்கள் அவரை அனுப்பின.

ஹாலே என்ற பெயரைத் தமிழ் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு அதே ஹாலேயில் படித்தவர். அங்கே வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள்தாம் தரங்கம்பாடி அச்சகத்துக்குக் கப்பலில் வந்தன. மூலன்பெர்க்கும் முதலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராகவே பேசப்பட்டார். 1741இல் ஹாலே நிறுவனங்களின் தலைவர் கோட்ஹில்ஃப் ஆகஸ்ட் ஃபிராங்கே பென்சில்வேனியாவுக்குப் போகச் சொல்ல, அவர் பாதை மேற்கே திரும்பியது. லண்டன் அரண்மனைப் போதகராக இருந்த சீகன்ஹாகன் என்பவர் தரங்கம்பாடிப் பணிக்கும் பென்சில்வேனியாப் பணிக்கும் சேர்த்தே உதவி திரட்டி வந்தார். இரண்டு இடத்து அறிக்கைகளையும் ஹாலே நூல்களாக அச்சிட்டு வெளியிட்டது.

தரங்கம்பாடி வழியில் வளர்ந்த தமிழ் லுத்தரன்கள் பின்னாளில் மலாயாவுக்கு வேலை தேடி வந்தார்கள். மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அவர்களால் உருவானது. அந்த வகையில் பென்சில்வேனியா லுத்தரன் விவசாயியும் பிரிக்ஃபீல்ட்ஸ் லுத்தரன் தமிழரும் ஒரே வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட போதகர்களின் சபை வாரிசுகள்.

சீர்திருத்த சபைக்கு 1746இல் மைக்கேல் ஷ்லாட்டர் வந்தார். சுவிட்சர்லாந்துக்காரர், டச்சு சபைகள் அனுப்பியவர். இருவரும் குதிரையில் ஊர் ஊராக அலைந்து சிதறிக் கிடந்த சபைகளைச் சேர்த்தார்கள். 1747இல் சீர்திருத்த சபைகளுக்கும் 1748இல் லுத்தரன் சபைகளுக்கும் தனித்தனிப் பேரவைகள் அமைந்தன. இப்போது ஒழுங்கு வந்தது. ஆனால் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. ஒரு போதகருக்கு நான்கு, ஐந்து, ஆறு சபைகள் கூட இருந்தன. ஒரு கிராமத்துக்கு மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுக்கு மேல் வர அவரால் முடியாது.

பொதுத் தேவாலயத்தின் கணக்கு இங்கேதான் பிறக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் முப்பது குடும்பங்கள். பதினைந்து லுத்தரன், பதினைந்து சீர்திருத்தம். தனித்தனியாகக் கட்ட யாரிடமும் காசில்லை. கட்டினாலும் மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். சேர்ந்து ஒன்று கட்டினால் இரண்டு போதகர்களும் மாறி மாறி வருவார்கள். எல்லா ஞாயிறும் கதவு திறந்திருக்கும். போதாக்குறைக்கு, கணவன் ஒரு சபை, மனைவி மறு சபை என்ற வீடுகள் ஏராளம். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வயிற்றுக்கும் வழிபாட்டுக்கும் நடுவில் விவசாயி போட்ட சிக்கனக் கணக்கு.

இந்த யோசனை முழுக்க அமெரிக்கச் சரக்கும் அல்ல. அவர்கள் விட்டு வந்த ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கோயிலைப் பகிர்ந்த இடங்கள் உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் அரசன் திணித்தது, சண்டையோடு நடந்தது. பென்சில்வேனியாவில் எந்த அரசனும் சொல்லவில்லை.

பத்திரத்தில் இரண்டு பெயர்

முதலில் மரக்கட்டைகளை அடுக்கிய ஒரு குடில். அதற்கும் முன்னால் பல ஊர்களில் எழுந்தது பள்ளிக்கூடம்தான். ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். வசதி வந்ததும் கல்லால் கட்டினார்கள், அடுத்த தலைமுறை செங்கல்லால். மான்ட்கோமரி மாவட்டத்தின் பழைய கோஷன்ஹாப்பன் தேவாலயம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்படி இரு சபையும் சேர்ந்து எழுப்பியவற்றுள் ஒன்று. உள்ளே உயரமான பிரசங்க மேடை, அதன் தலைக்கு மேல் ஒலிப்பலகை, மூன்று பக்கமும் மாடி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

நிலப் பத்திரம் இரு சபைகளின் பெயரிலும் பதிவானது. கூடவே ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். இந்த ஒப்பந்தங்களைப் படித்தால் அந்த விவசாயிகள் எவ்வளவு விவரமானவர்கள் என்று புரியும். இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் மூப்பர்கள். ஞாயிறுகள் மாறி மாறி. கட்டடச் செலவும் பழுதுபார்க்கும் செலவும் சரிபாதி. போதகருக்கு அவரவர் சபை தனியாகச் சம்பளம். இரண்டு பேரவைகளில் ஒன்றையாவது சேராத போதகரை மேடையில் ஏற்றக் கூடாது என்பதும் பல ஊர்களில் எழுதப்பட்டிருந்தது. போலிப் போதகர்களிடம் பட்ட அடி மறக்கவில்லை. நம் பக்கம் தோட்டத்துக் கோயில்கள் பலவற்றுக்கு நிலப் பட்டா இல்லாமல், தோட்டம் கைமாறியபோது கோயிலும் ஆட்டம் கண்டதை நினைத்தால், அவர்கள் முதல் தலைமுறையிலேயே பத்திரத்தைச் சரியாக எழுதிக்கொண்டது சின்ன விஷயமல்ல.

இந்த அமைப்பைத் தாங்கிப் பிடித்த ஆள் போதகர் அல்லர், பள்ளி ஆசிரியர். போதகர்கள் வந்து போகிறவர்கள். ஆசிரியர் ஊரிலேயே இருப்பவர். தேவாலயத்துக்குப் பக்கத்தில் வீடு, கொஞ்சம் நிலம், பிள்ளைகளிடமிருந்து சிறு கட்டணம், மீதிக்குத் தானியமும் விறகும் கிடைக்கும். வாரநாளில் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்து, ஞாயிறன்று ஆர்கன் வாசித்துப் பாட்டு நடத்துவார். போதகர் வராத ஞாயிறு அச்சிட்ட பிரசங்கத்தை எடுத்து வாசிப்பார். லுத்தரன் பிள்ளைக்கு லூத்தர் ஞானோபதேசத்தையும் சீர்திருத்தப் பிள்ளைக்கு ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தையும் ஒரே அறையில் சொல்லித் தருவார். அழகிய கையெழுத்துள்ள ஆசிரியர்கள் ஞானஸ்நானச் சீட்டுகளைப் பறவையும் துலிப் பூவும் இதயமுமாக வண்ணத்தில் வரைந்து கொடுத்தார்கள். அன்று வீட்டு அலமாரியில் மடித்து வைக்கப்பட்ட அந்தத் தாள்களை இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்திருக்கின்றன.

ஞாயிறு முறை எழுத்தில் மாறி மாறி இருந்தாலும், பல குடும்பங்கள் எல்லா ஞாயிறும் போனார்கள், எந்தப் போதகர் என்று பார்க்காமல். திருவிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். கோடை முடிவில் அறுப்பின் பண்டிகை: கோதுமைக் கதிர், பூசணி, ஆப்பிள் எல்லாம் பீடத்தைச் சுற்றி அடுக்கப்படும். விளைச்சலுக்கு லுத்தரன், சீர்திருத்தம் என்ற பேதம் கிடையாது.

இந்த நெருக்கம் கிராமத்தோடு நிற்கவில்லை. 1787இல் லான்காஸ்டரில் இரு சபையாரும் சேர்ந்து ஒரு கல்லூரி தொடங்கினார்கள்; நன்கொடை தந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பெயர் அதற்கு. முதல் தலைவர் மூலன்பெர்க்கின் மகன். 1817இல் இரு சபைக்கும் பொதுவான ஞானப்பாட்டுப் புத்தகம் பால்டிமோரில் அச்சானது. பொதுத் தேவாலயங்களில் இனி ஆளுக்கொரு புத்தகம் தூக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் பிரஷ்ய மன்னர் இரு சபைகளையும் ஆணையிட்டு இணைத்தார். அமெரிக்காவிலும் சபைகள் ஒன்றாகிவிடும் என்றே பலர் நினைத்தார்கள்.

ஒன்றாகவில்லை.

கட்டடம் யாருக்கு?

சச்சரவுகள் எப்போதும் இருந்தவைதான். கிறிஸ்துமஸ் எந்தச் சபையின் ஞாயிறில் விழுகிறது? ஒரு சபை ஐம்பது குடும்பமாக வளர்ந்து மற்றது இருபதாகத் தேய்ந்த பின்னும் கூரைச் செலவு சரிபாதியா? ஆர்கன் வாசிப்பவரை யார் நியமிப்பது? இவற்றை ஊர்க்காரர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அல்லது தீர்க்காமலே காலம் தள்ளினார்கள்.

கட்டை அசைத்தவை வெளியிலிருந்து வந்தன. 1834இல் பென்சில்வேனியா அரசு பொதுப் பள்ளிச் சட்டம் கொண்டு வந்தது. ஜெர்மன் விவசாயிகள் பல மாவட்டங்களில் முரண்டு பிடித்தும், படிப்படியாகச் சபைப் பள்ளிகள் மூடின. இரு சபைக்கும் நடுவில் நின்ற பள்ளி ஆசிரியர் அதோடு மறைந்தார். மறுபக்கம், இரு சபைகளும் தனித்தனி இறையியல் கல்லூரிகள் தொடங்கின. அங்கிருந்து வந்த இளம் போதகர்களுக்குத் தங்கள் சபையின் கோட்பாடு துல்லியமாகத் தெரிந்தது. பொதுத் தேவாலயம் அவர்கள் கண்ணுக்கு அரைகுறை ஏற்பாடாகத் தெரிந்தது. இரு சபைப் பேரவைகளிலும் இதற்கு எதிர்ப்பு வளர்ந்தது. ஊர்க்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதமாகச் சேர்ந்தே இருந்தார்கள், இன்னும் ஒரு நூறு ஆண்டு.

முதல் உலகப் போரில் ஜெர்மன் மொழி சந்தேகத்துக்கு உரியதானது. வழிபாடு ஆங்கிலத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காரும் நல்ல சாலையும் வந்தன. ஆலைகளும் புறநகர் வீடுகளும் வயல்களைத் தின்றன. சபைகளில் ஆள் கூடியது. முழுநேரப் போதகர் வைக்க வசதி வந்தது. முழுநேரப் போதகர் இருந்தால் எல்லா ஞாயிறும் மேடை வேண்டும். எந்த ஏழ்மை அவர்களைச் சேர்த்து வைத்ததோ அது நீங்கியதும் பிரிவு கண்ணுக்குத் தெரிந்தது. சீர்திருத்த சபை 1934இல் வேறொரு ஜெர்மன் சபையோடு இணைந்தது. 1957இல் ஐக்கிய கிறிஸ்து சபையின் பகுதியானது. லுத்தரன்களும் தம் பக்கத்தில் பெரிய அமைப்புகளாகத் திரண்டார்கள். தலைமையகம் இரண்டும் கிராமத்திலிருந்து தூரப் போய்விட்டன.

1950களிலிருந்து பொதுத் தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. வழக்கமான முறை இது: கட்டடத்துக்கு விலை மதிப்பார்கள், ஒரு சபை மற்றதன் பாதியை வாங்கிக்கொள்ளும், பணம் பெற்ற சபை சற்றுத் தள்ளி, சில ஊர்களில் எதிர்ச் சாரியிலேயே, புதிதாகக் கட்டிக்கொள்ளும். பென்சில்வேனியாக் கிராமங்களில் ஒரே சாலையில், ஒரே பெயரோடு இரண்டு தேவாலயங்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் ஏதோ பெரிய சண்டை என்று நினைப்பதுண்டு. சண்டை நடந்த ஊர்களும் உண்டு. பல ஊர்களில் அது ஒரு கணக்குத் தீர்ப்பு மட்டுமே. ஆனால் ஐந்து தலைமுறை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குடும்பங்களுக்கு, தாத்தா கல் சுமந்து கட்டிய சுவரை விலை பேசுவது கணக்கோடு முடிகிற காரியமாக இருந்திருக்காது.

1997இல் அமெரிக்க லுத்தரன் திருச்சபையும் ஐக்கிய கிறிஸ்து சபையும், வேறு இரண்டு சீர்திருத்த மரபுச் சபைகளோடு சேர்ந்து, ஒரு பொது உடன்பாட்டை ஏற்றன. அதன்படி ஒருவர் திருவிருந்தை மற்றவர் ஏற்கலாம். ஒரு சபைப் போதகர் மறு சபையில் பணியாற்றலாம். மார்பர்க்கில் முறிந்த பேச்சு 468 ஆண்டுகள் கழித்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் பெரும்பாலான பொதுத் தேவாலயங்கள் பாகம் பிரிந்து முடிந்திருந்தன. பிரியாமல் தாக்குப் பிடித்த சில மட்டும் இன்றும் இரு சபைப் பெயரையும் பலகையில் தாங்கி நிற்கின்றன.

பிரிந்த ஊர்களிலும் பிரிக்க முடியாத ஒன்று இருந்தது. கல்லறைத் தோட்டம். கணவன் லுத்தரன், மனைவி சீர்திருத்தம், இருவரும் பக்கத்தில் பக்கத்தில். எந்தக் கோட்டைப் போட்டுப் பிரிப்பது? பழைய கற்களில் ஜெர்மன் எழுத்தில் பெயர், பிறந்த நாள், வாழ்ந்த ஆண்டு, மாதம், நாள் எல்லாம் இருக்கும். எந்தச் சபை என்று பெரும்பாலும் இருக்காது. அதனால் கட்டடத்தைப் பாகம் பிரித்த பிறகும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். இரு சபையிலிருந்தும் உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். சாய்ந்த கற்களை நிமிர்த்துவதும் கோடையில் புல் வெட்ட ஆள் வைப்பதும் இன்றும் பொதுக் கணக்கில்தான் நடக்கின்றன.